இன ஒதுக்கலுக்குப் பிந்திய நகரமைப்பு: டர்பன் நகரின் கேட்டோ மேனரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

தென் ஆப்பிரிக்கப் பாராளுமன்றம் 1991ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நிலம் பற்றிய இனச் சட்டங்களை ஒரே சட்டத்தின் மூலம் நீக்கியது. ஆப்பிரிக்க மக்கள் நிலம் வாங்கும் உரிமையைச் சிறிய எல்லைக்குள் அடக்கிய 1913ஆம் ஆண்டு நிலச் சட்டமும், அதைத் தொடர்ந்த 1936ஆம் ஆண்டுச் சட்டமும், நகரங்களில் ஒவ்வோர் இனத்தாரும் எவ்விடத்தில் குடியிருக்க வேண்டும் என வரையறுத்த 1950ஆம் ஆண்டுக் குழுப்பகுதிச் சட்டமும் அத்துடன் செல்லாதனவாயின. மூன்றாண்டுகள் கழித்து, 1994 ஏப்ரலில், எல்லா இனத்தாரும் வாக்களித்த முதற் பொதுத்தேர்தல் நடைபெற்றது. அன்று முதல் சட்டப்படி எவரும் எங்கும் குடியேறலாம். எனினும், டர்பன், கேப் டவுன், ஜோகன்னஸ்பர்க் ஆகிய நகரங்களின் வரைபடத்தை இன்று விரித்து நோக்குவோர், எப்பகுதி எவ்வினத்தாருக்கென ஒதுக்கப்பட்டிருந்தது என்பதை இன்னும் எளிதிற் சுட்டிக்காட்டலாம்.

இதற்குக் காரணம் யாது? மக்கள் தத்தம் இனத்தாரோடு வாழவே விரும்புகின்றனர் என்பர் சிலர். புதிய அரசு ஏதும் செய்யவில்லை என்பர் வேறு சிலர். இவ்விரு விடைகளும் போதியன அல்ல என்பது நம் கருத்து. புதிய அரசு மிகப் பல வீடுகளைக் கட்டியது. ஆனால் அவ்வீடுகளை எங்கே கட்டியது என்பதே வினா. இன ஒதுக்கல் மக்களிடமிருந்து பறித்தது வீட்டை மட்டுமன்று, நகருக்குள் அவர்கள் பெற்றிருந்த இடத்தையும் பறித்தது. வீட்டைத் திருப்பிக் கொடுப்பது ஒன்று. இடத்தைத் திருப்பிக் கொடுப்பது மற்றொன்று. இவ்வேறுபாட்டை டர்பன் நகரின் கேட்டோ மேனர் என்னும் பகுதியின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. அங்கே நிலமிழந்தோருள் தமிழகத்திலிருந்து சென்றவர்களின் வழித்தோன்றல்களும் இருந்தமையால், நாம் அறிந்திருக்க வேண்டிய வரலாறும் ஆகும் அது.

1. குழுப்பகுதிச் சட்டத்துக்கு முன்

நகரங்களில் இனப் பிரிவினை என்பது 1948இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தபின் திடீரெனத் தோன்றியதன்று. 1901இல் கேப் டவுனில் பிளேக் நோய் பரவியபோது, நகரின் நடுவே வாழ்ந்த ஆப்பிரிக்க மக்கள், பொதுச் சுகாதாரத்தின் பெயரால், பின்னர் ந்டபேனி என அழைக்கப்பட்ட புறநகர்க் குடியிருப்புக்குக் கொண்டு செல்லப்பட்டனர். நோயைத் தடுப்பதற்கென எழுந்த ஏற்பாடு, நோய் நீங்கியபின்னும் நிலைத்துவிட்டது.

டர்பன் நகரம் வேறொரு வழியைக் கண்டது. 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆப்பிரிக்கர் பருகும் சோள பீரைக் காய்ச்சி விற்கும் தனியுரிமையை நகராட்சி தனக்கென எடுத்துக்கொண்டது. அவ்வருவாயைக் கொண்டே ஆப்பிரிக்கத் தொழிலாளருக்கான விடுதிகளைக் கட்டி, அவர்களைக் கண்காணிக்கும் அலுவலகத்தையும் நடத்தியது. ஒதுக்கப்பட்டவர்களே தங்கள் ஒதுக்கலுக்கான செலவையும் ஏற்கும்படி அமைந்த இம்முறை 'டர்பன் முறை' எனப் பெயர் பெற்றுப் பிற நகரங்களுக்கும் பரவியது. 1922இல் டிரான்ஸ்வால் மாகாணத்தில் அமைந்த ஸ்டாலர்ட் ஆணைக்குழு, நகரம் வெள்ளையரின் படைப்பு, அவர்களுக்கு ஊழியம் செய்யும் காலமளவும் மட்டுமே ஆப்பிரிக்கர் அதனுள் தங்கலாம் என்னும் கொள்கையை வகுத்தது. அடுத்த ஆண்டின் நகர்ப்பகுதிச் சட்டம், தனிக் குடியிருப்புகள் அமைக்கும் அதிகாரத்தை நகராட்சிகளுக்கு வழங்கியது.

இந்தியர் நிலை சற்று வேறுபட்டது. 1860 நவம்பர் 16ஆம் நாள் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளரை டர்பன் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. 1911 வரை சுமார் 1,52,000 பேர் இவ்வாறு நட்டால் குடியேற்றத்துக்கு வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழும் தெலுங்கும் பேசியவர். ஒப்பந்தம் முடிந்தபின் பலர் ஊர் திரும்பாது, நகரைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளில் சிறு நிலம் வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ காய்கறி பயிரிட்டனர். இவர்கள் நிலம் வாங்குவதைத் தடுக்க 1943இலும் 1946இலும் தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1946ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து டர்பனில் நடைபெற்ற சத்தியாக்கிரகத்தில் சுமார் 2,000 பேர் சிறை சென்றனர். இந்தியா தென் ஆப்பிரிக்காவுடன் வாணிகத்தை நிறுத்தி, அவ்வழக்கை ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொண்டு சென்றதும் அவ்வாண்டிலேயே.

2. வரைபடமாக மாறிய கொள்கை

1950ஆம் ஆண்டுக் குழுப்பகுதிச் சட்டம் முந்தைய தடைகளிலிருந்து ஒரு முக்கியமான வகையில் வேறுபட்டது. முந்தையவை, குறித்த ஓர் இனத்தார் குறித்த இடத்தில் நிலம் வாங்கக்கூடாது என்று தடுத்தன. இதுவோ நகரம் முழுவதையும் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கையும் ஓர் இனத்துக்கே உரியதென அறிவித்து, ஏற்கெனவே அங்கு வாழ்ந்த மற்றவரை வெளியேற்றவும் அதிகாரம் அளித்தது.

இச்சட்டத்தை நடைமுறைப்படுத்துவது எங்ஙனம் என்று டர்பன் நகராட்சியின் தொழில்நுட்பத் துணைக்குழு 1951இல் ஓர் அறிக்கை தந்தது. அதன் நெறிகளைச் சுருக்கிக் கூறலாம். ஒவ்வோர் இனத்தாரின் பகுதியும் தனித்து நிற்க வேண்டும். பகுதிகளுக்கிடையே ஆறு, மலைமுகடு, இருப்புப்பாதை, தொழிற்சாலைப் பகுதி போன்ற தடுப்புகள் இருக்க வேண்டும். இயற்கையில் தடுப்பு இல்லாவிடத்து வெற்று நிலம் விடப்பட வேண்டும். ஓர் இனத்தார் தம் வேலையிடத்துக்குச் செல்லும்போது மற்றோர் இனத்தாரின் குடியிருப்பினூடே செல்ல நேரிடலாகாது. பிற்காலத்தில் மக்கள் பெருகினால் ஒவ்வொரு பகுதியும் நகருக்கு வெளிப்புறமாகவே விரிவடைய வேண்டும்.

நகரமைப்பு அறிஞரின் சொற்களில் எழுதப்பட்ட இவ்வறிக்கையில் பகைமைச் சொற்கள் இல்லை. சாலை, சாக்கடை, மேடு பள்ளம் ஆகியவற்றையே அது பேசுகிறது. இதனாற்றான் அது அத்துணை வலிமை பெற்றது. ஒரு கொள்கை சட்டப் புத்தகத்தில் மட்டும் இருந்தால் அதனை வாக்கெடுப்பினால் நீக்கலாம். அதுவே சாலையாகவும் இருப்புப்பாதையாகவும் குடிநீர்க் குழாயாகவும் மண்ணில் பதிந்துவிட்டால், நீக்குவதற்கு வாக்கெடுப்புப் போதாது.

அத்திட்டத்தின்படி உருவான குடியிருப்புகளின் இருப்பிடத்தைக் கவனிப்போம். ஆப்பிரிக்கருக்கென வடக்கே குவாமாஷுவும் தெற்கே உம்லாசியும் எழுந்தன. இந்தியருக்கென 1960களில் தெற்கே சாட்ஸ்வர்த்தும், 1976 முதல் வடக்கே பீனிக்ஸும் கட்டப்பட்டன. சாட்ஸ்வர்த், வெள்ளையர் குடியிருப்புகளுக்கும் உம்லாசிக்கும் இடையில் அமைந்தது. அங்கே முன்னரே வாழைத் தோட்டங்கள் வைத்திருந்த இந்திய உழவர்களின் நிலமும் இதற்கென எடுத்துக்கொள்ளப்பட்டது. இவ்வாறு இந்தியர் குடியிருப்பு, வெள்ளையருக்கும் ஆப்பிரிக்கருக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவரைப் போல் வைக்கப்பட்டது.

3. கேட்டோ மேனர்: வெறுமையாக்கப்பட்ட நிலம்

டர்பன் நகர நடுவிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், மலைமுகட்டின் மறுபக்கத்தில், ஏறத்தாழ 1,800 ஹெக்டேர் பரப்புடைய பள்ளத்தாக்கே கேட்டோ மேனர். நகரின் முதல் மேயராயிருந்த ஜார்ஜ் கேட்டோவின் பெயரைத் தாங்கியது அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூரின் நிலங்கள் சிறு சிறு தோட்டங்களாகப் பிரித்து விற்கப்பட்டபோது, இந்திய உழவர் பலர் அவற்றை வாங்கினர். வீடுகளும் கோயில்களும் பள்ளிகளும் கடைகளும் எழுந்தன. நகரில் இடங்கிடையாத ஆப்பிரிக்கத் தொழிலாளர், இந்தியரிடம் நிலத்தை வாடகைக்கு எடுத்துக் குடிசை அமைத்தனர். அங்கு ஓடும் சிற்றாற்றின் பெயரால் அக்குடிசைப் பகுதி ம்கும்பானே எனப்பட்டது.

இவ்வுறவை நாம் பொற்காலமாக வருணித்தலாகாது. நிலம் வைத்திருந்தவர் இந்தியர். வாடகை கொடுத்தவர் ஆப்பிரிக்கர். கடை நடத்தியவரும் பேருந்து ஓட்டியவரும் பெரும்பாலும் இந்தியரே. தொழில் உரிமம் பெற இயலாது நின்றவர் ஆப்பிரிக்கர். இருவரையும் கீழ்ப்படுத்திய ஆட்சியின் கீழ், இருவருக்குமிடையே இருந்த இவ்வேற்றத்தாழ்வு பகையாக வளர்ந்தது. 1949 ஜனவரி 13ஆம் நாள் டர்பனில் மூண்ட கலவரத்தில் 142 பேர் மாண்டனர். அவர்களுள் 87 பேர் ஆப்பிரிக்கர், 50 பேர் இந்தியர். இன ஒதுக்கலை விரும்பியோர் இக்கலவரத்தையே தங்கள் கொள்கைக்குச் சான்றாகக் காட்டினர். கலவரத்துக்குப் பின் இந்தியர் பலர் விலகிச்செல்ல, ம்கும்பானே மேலும் விரிவடைந்தது. 1950களில் அங்கு வாழ்ந்த ஆப்பிரிக்கர் தொகை 1,20,000 வரை இருந்ததாக மதிப்பிடப்படுகிறது.

1958இல் கேட்டோ மேனர் வெள்ளையர் பகுதியென அறிவிக்கப்பட்டது. குடிசைகள் இடிக்கப்படலாயின. 1959 ஜூன் மாதத்தில் ஆப்பிரிக்கப் பெண்கள் நகராட்சியின் பீர்க் கடைகளை எதிர்த்து எழுந்தனர். வீட்டில் மது காய்ச்சி விற்றுப் பிழைத்த அப்பெண்களுக்கு, நகராட்சியின் தனியுரிமையும் குடிசை இடிப்பும் ஒரே கையின் இரு செயல்களாகத் தோன்றின. 1960 ஜனவரி 24ஆம் நாள் நடந்த மோதலில் காவலர் ஒன்பதின்மர் கொல்லப்பட்டனர். எனினும் வெளியேற்றம் நிற்கவில்லை. ஆப்பிரிக்கர் குவாமாஷுவுக்கும் உம்லாசிக்கும் அனுப்பப்பட்டனர். பின்னர் இந்தியர் தங்கள் நிலங்களைக் குறைந்த விலைக்கு இழந்து, பெரும்பாலோர் சாட்ஸ்வர்த்துக்குச் சென்றனர். 1960களின் இறுதிக்குள் பள்ளத்தாக்கு பெரும்பாலும் வெறுமையாயிற்று. சில கோயில்களும் ஒரு சில வீடுகளுமே எஞ்சின.

இங்கே வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. வெள்ளையருக்கென எடுக்கப்பட்ட அந்நிலத்தில் வெள்ளையர் பெருமளவில் குடியேறவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதன் பெரும்பகுதி புல்லும் புதரும் மண்டிக் கிடந்தது. கேப் டவுனிலும் இதுவே நிகழ்ந்தது. 1966 பிப்ரவரி 11ஆம் நாள் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்ட டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் வட்டாரத்திலிருந்து 60,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டு, கேப் சமவெளி எனப்படும் மணற்பாங்கான புறநகருக்கு அனுப்பப்பட்டனர். இடித்த இடத்தின் ஒரு பகுதியில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. எஞ்சிய பெரும்பகுதி பல்லாண்டுகள் வெட்டவெளியாகவே கிடந்தது.

4. நகராட்சிகள் ஒன்றாதல்

இன ஒதுக்கல் ஆட்சியில் ஆப்பிரிக்கர் குடியிருப்புகளுக்குத் தக்க வரி வருவாய் கிடையாது. அங்கு வாழ்ந்தோர் வேலை செய்ததும் பொருள் வாங்கியதும் வெள்ளையர் நகரில். அக்கடைகளும் ஆலைகளும் செலுத்திய வரி வெள்ளையர் நகராட்சிக்கே சென்றது. 1977இல் குவாமாஷு நிருவாகம் குவாசூலு 'தாயக' அரசிடம் ஒப்படைக்கப்பட்டபோது, டர்பன் மாநகராட்சி தன் தொழிலாளரின் உழைப்பை வைத்துக்கொண்டு, அவர்களைப் பேணும் பொறுப்பைக் கைவிட்டது எனலாம். ஜோகன்னஸ்பர்க்கின் சொவெட்டோ மக்கள் 1986 முதல் நடத்திய வாடகை மறுப்புப் போராட்டத்தில், ஒரே நகரம், ஒரே வரித்தளம் என்னும் கோரிக்கை உருவானது இக்காரணத்தினாலேயே.

இக்கோரிக்கை பெரும்பாலும் நிறைவேறியது. 2000ஆம் ஆண்டு டிசம்பர் மாத உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின், டர்பனும் அதனைச் சூழ்ந்த குடியிருப்புகளும் எதெக்வினி மாநகராட்சி என ஒன்றாயின. செல்வர் பகுதியின் வரியை வறியோர் பகுதியில் செலவிட வழி பிறந்தது. மின்சாரமும் குடிநீரும் தார்ச்சாலைகளும் முன்னர் இல்லாத குடியிருப்புகளைச் சென்றடைந்தன. பீனிக்ஸ், குவாமாஷு, இனாண்டா ஆகியவற்றின் எல்லைகள் சந்திக்கும் இடத்தில், பாலத்தைக் குறிக்கும் 'பிரிட்ஜ் சிட்டி' என்ற பெயருடன், இருப்புப்பாதை நிலையத்தோடு கூடிய ஒரு வணிக மையம் எழுப்பப்பட்டது. முன்னர்த் தடுப்பாக விடப்பட்ட இடத்தைச் சந்திக்கும் இடமாக மாற்றும் முயற்சி இது. இவற்றை நாம் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையன்று.

5. வீடுகளின் எண்ணிக்கையும் இருப்பிடமும்

1994இல் பதவியேற்ற அரசு, ஐந்தாண்டுகளில் பத்து லட்சம் வீடுகள் கட்டுவதாக உறுதி கூறியது. அதற்கு அது தேர்ந்த வழி, வறிய குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை வழங்கப்படும் மானியம். மிகக் குறைந்த வருவாயுடைய குடும்பத்துக்கு அக்காலத்தில் 15,000 ராண்ட் வழங்கப்பட்டது. நிலத்தின் விலை, குடிநீர், கழிவுநீர், சாலை வசதிகள், வீட்டின் சுவரும் கூரையும் யாவும் அவ்வொரு தொகைக்குள் அடங்க வேண்டும்.

இவ்வேற்பாடு எவ்வாறு இயங்கியது என்பதை எண்ணிப் பார்ப்போம். நிலத்துக்கு அதிகம் செலவானால் வீடு சிறிதாகும். சிறிய வீட்டை மக்கள் ஏற்கமாட்டார், அரசியல்வாதிகளும் விரும்பமாட்டார். ஆகவே வீடு கட்டியோர் மலிவான நிலத்தை நாடினர். மலிவான நிலம் எங்கே இருந்தது? நகரின் விளிம்பில், பழைய குடியிருப்புகளுக்கும் அப்பால், பல இடங்களில் இன ஒதுக்கல் அரசே குடியிருப்புகளை விரிவாக்கவென வாங்கி வைத்திருந்த நிலங்களில். 1951இன் துணைக்குழு, மக்கள் பெருகினால் வெளிப்புறமாகவே விரிவடைய வேண்டும் என்று எழுதியதை முன்னர்க் கண்டோம். எவரும் அவ்வாறு ஆணையிடாத காலத்திலும், நிலத்தின் விலை அவ்வாணையை நிறைவேற்றிற்று.

1994 முதல் அரசு மானியத்தால் உருவான வீடுகள் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவை. உலகில் வேறெந்த நாடும் எளிதில் செய்திராத பணி இது. மண்சுவர்க் குடிசையிலும் தகரக் கொட்டகையிலும் வாழ்ந்த தாய்மார்களுக்குத் தம் பெயரில் ஒரு வீடு கிடைத்ததன் பெறுமதியை, அதைப் பெறாதவர் எளிதாக எடைபோட முடியாது. ஆயினும் அவ்வீடுகளுள் பலவற்றிலிருந்து வேலைக்குச் செல்லப் பொழுது புலருமுன் எழ வேண்டும். கூலியில் பெரும்பங்கு சிற்றுந்துக் கட்டணத்துக்கே போகும். சிலர் அவ்வீட்டைப் பூட்டிவிட்டோ வாடகைக்கு விட்டோ, வேலையிடத்துக்கு அருகே மீண்டும் குடிசைக்கே திரும்பியதும் உண்டு. வீடு கொடுக்கப்பட்டது, இடம் கொடுக்கப்படவில்லை.

இதே ஆண்டுகளில் டர்பனின் செல்வமும் இடம் பெயர்ந்தது. வடக்கே உம்லாங்கா முகட்டில், முன்பு கரும்பு விளைந்த நிலங்களில், புதிய அலுவலகங்களும் பெரும் அங்காடிகளும் எழுந்தன. நகர நடுவிலிருந்து நிறுவனங்கள் அங்கே சென்றன. தெற்கிலும் மேற்கிலும் வாழும் வறியோருக்கு வேலை மேலும் தொலைவாயிற்று. இதனை எந்த இனச் சட்டமும் செய்யவில்லை. பெருநிலம் வைத்திருந்தோரின் வணிகக் கணக்கும், அதற்கு இசைந்த நகராட்சியின் ஒப்புதலுமே செய்தன. பின்னாளில் அதே பகுதியின் கோர்னுபியாவில் வறியோருக்கும் வீடுகள் கட்டத் தொடங்கியது, தவறிய திசையைச் சற்றே திருப்ப மேற்கொண்ட முயற்சியாகும்.

6. ஒரே நிலத்தின்மேல் இரு நியாயங்கள்

இப்பொழுது கேட்டோ மேனருக்குத் திரும்புவோம். நகர நடுவுக்கு அருகில், வெறுமையாகக் கிடந்த அப்பெருநிலம், இடத்தையே திருப்பிக் கொடுக்கக் கிடைத்த அரிய வாய்ப்பு. அங்கேதான் சிக்கலும் எழுந்தது.

1980களின் இறுதியிலிருந்தே ஆப்பிரிக்கக் குடும்பங்கள் அங்கு மீண்டும் குடிசை அமைக்கத் தொடங்கின. நாட்டுப்புறத்தில் நிகழ்ந்த அரசியல் வன்முறைக்குத் தப்பி வந்தோரும் அவர்களுள் இருந்தனர். 1993இல் இந்தியருக்கென அப்பள்ளத்தாக்கின் விகின்ஸ் பகுதியில் கட்டப்பட்டிருந்த வீடுகளுள், அருகிலிருந்த செஸ்டர்வில் முதலிய இடங்களின் ஆப்பிரிக்கக் குடும்பங்கள் புகுந்து குடியேறின. அதே ஆண்டில் கேட்டோ மேனர் மேம்பாட்டுக் கழகம் நிறுவப்பட்டது. வறியோருக்கு நகருக்கருகே நெருக்கமான வீடுகள், பள்ளிகள், நூலகம், சாலைகள், வேலைவாய்ப்பு ஆகியவற்றை ஒருங்கே அமைப்பது அதன் நோக்கம். அரசின் சிறப்புத் திட்டங்களுள் ஒன்றாக அது சேர்க்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் நிதி உதவியது.

மறுபக்கத்தில், 1994ஆம் ஆண்டு நில உரிமை மீட்புச் சட்டம், 1913 ஜூன் 19ஆம் நாளுக்குப் பின் இனச் சட்டங்களால் நிலமிழந்தோர் 1998 டிசம்பர் 31ஆம் நாளுக்குள் கோரிக்கை அளிக்கலாம் என்றது. நாடு முழுவதும் ஏறத்தாழ 80,000 கோரிக்கைகள் வந்தன. கேட்டோ மேனரிலும் பழைய உரிமையாளர், அவர்களுட் பெரும்பாலோர் இந்தியர், தங்கள் நிலத்தைத் திருப்பிக் கேட்டனர். தந்தையும் பாட்டனும் வெட்டித் திருத்திய தோட்டம் அது. அவர்களை வெளியேற்றியது அநீதி என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் அதே நிலத்தில் அன்று வாடகைக்கு இருந்து துரத்தப்பட்ட ஆப்பிரிக்கரின் மக்களும், வீடற்ற மற்றோரும் இன்று காத்து நின்றனர். வாடகைக் குடியினரின் நீண்டகாலக் குடியிருப்பையும் சட்டம் ஓரளவு உரிமையாக ஏற்றது. ஆனால் பத்திரம் உள்ளவர் தம் உரிமையை மெய்ப்பிப்பது எளிது, குடிசையில் வாழ்ந்தவர் மெய்ப்பிப்பது அரிது. பறிக்கப்பட்டதை உடையவருக்கே திருப்பிக் கொடுப்பது நீதி என்றால், உடைமை கொள்ளவே அனுமதிக்கப்படாதவருக்கு உரிய நீதி எது?

பொதுநலன் கருதி அந்நிலத்தை முன்னாள் உரிமையாளருக்குத் திருப்பித் தருவதிலிருந்து விலக்களிக்க வேண்டும் என்று நகராட்சி நில உரிமை நீதிமன்றத்தை நாடியது. இறுதியில் இரு தரப்பாரும் பேசி உடன்பாடு கண்டனர். வளர்ச்சிக்குத் தேவையான நிலம் வளர்ச்சிக்கே விடப்பட்டது; கோரிக்கையாளர் பலருக்கு நிலத்துக்கு ஈடாகப் பணம் கிடைத்தது. நாட்டின் பிற நகரங்களிலும் கோரிக்கையாளருள் பெரும்பாலோர் பணத்தையே பெற்றனர். முதியோர் பலருக்கு அது தேவையாகவும் இருந்தது. எனினும் நகரின் அமைப்பைப் பொறுத்தமட்டில், பணமாகத் தரப்பட்ட ஈடு எவரையும் இடம் மாற்றவில்லை. சாட்ஸ்வர்த்தில் இருந்தவர் பணம் பெற்றபின்னும் சாட்ஸ்வர்த்திலேயே இருந்தார்.

கேட்டோ மேனரில் இன்று பள்ளிகளும் சாலைகளும் உண்டு. 2002இல் திறக்கப்பட்ட, ஆல்பர்ட் லுத்துலியின் பெயர் தாங்கிய பெரிய மருத்துவமனை உண்டு. பல்லாயிரம் ஆப்பிரிக்கக் குடும்பங்கள் நகருக்கருகே வாழ்கின்றன. ஆனால் வீடுகள் திட்டமிட்ட தொகையை எட்டவில்லை. செங்குத்தான சரிவுகளில் குடிசைகள் இன்னும் நெருங்கி நிற்கின்றன. பல இனத்தார் கலந்து வாழும் பள்ளத்தாக்காக அது மீளவில்லை. ஆயினும் இடத்தைத் திருப்பிக் கொடுக்க உண்மையாகவே முயன்ற சில களங்களுள் ஒன்று அது. அம்முயற்சி கடினமாயிருந்ததன் காரணம் அங்கே நியாயம் இல்லாமற் போனதன்று, நியாயங்கள் பலவாய் இருந்ததே.

7. திருச்சபையும் இவ்வரைபடமும்

இவ்வரலாற்றில் திருச்சபையின் பங்கை நாம் மறைக்க இயலாது. 1857இல் கேப் பகுதியின் டச்சு சீர்திருத்தச் சபைப் பேரவை, சிலருடைய பலவீனத்தின் பொருட்டு, வெள்ளையரல்லாத விசுவாசிகளுக்குத் தனி ஆராதனை நடத்தலாம் என அனுமதித்தது. 1881இல் கலப்பினத்தாருக்கெனத் தனி மிஷன் சபையே அமைந்தது. குழுப்பகுதிச் சட்டத்துக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, திருவிருந்துப் பந்தியில் எல்லைக்கோடு வரையப்பட்டுவிட்டது. நகரத்தைப் பிரித்தவர் பலர் அப்பிரிவை ஆலயத்தில் பழகியவரே.

எதிர்ச்சாட்சியும் உண்டு. 1982இல் அம்மிஷன் சபையின் பேரவை வரைந்து 1986இல் ஏற்றுக்கொண்ட பெல்ஹார் அறிக்கை, பிரிவினைக்கு இறையியல் ஆதாரம் தேடுவதை மறுத்தது. பெல்ஹார் என்பது கேப் சமவெளியில், கலப்பினத்தாருக்கென ஒதுக்கப்பட்ட ஒரு குடியிருப்பின் பெயர் என்பதை நாம் நினைவிற்கொள்ளல் தகும். இன ஒதுக்கலின் வரைபடம் உண்டாக்கிய ஊரே, அவ்வரைபடத்தை மறுத்த விசுவாச அறிக்கைக்குப் பெயராயிற்று.

டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் வீடுகளை இடித்தோர் ஆலயங்களையும் மசூதிகளையும் இடியாது விட்டனர். மக்களில்லா வெளியில் அவை நின்றன. துரத்தப்பட்டவருட் சிலர் வாரந்தோறும் நெடுந்தொலைவு பயணம் செய்து அங்கே வழிபட்டனர். அவ்வட்டாரத்தையொட்டிய பியூட்டன்கான்ட் தெருவின் பழைய மெதடிஸ்ட் ஆலயத்தில் 1994 டிசம்பரில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் நினைவுக்காட்சியகம் திறக்கப்பட்டது. அதன் தரையில் பழைய தெருக்களின் பெரிய வரைபடம் ஒன்று விரிக்கப்பட்டது. முன்னாள் குடிகள் குனிந்து தத்தம் வீடிருந்த இடத்தில் பெயரெழுதினர். நில உரிமைக் கோரிக்கைக்கு ஆதாரமாக அமைந்தது இத்தகைய நினைவு. 2004 பிப்ரவரியில் முதலில் திரும்பி வந்தோர் தம் வீட்டுச் சாவியைப் பெற்றபோது, அவர்கள் எண்பது வயதைக் கடந்த முதியோர்.

8. எஞ்சி நிற்கும் வினா

2021 ஜூலையில் குவாசூலு-நட்டாலில் கலவரமும் கொள்ளையும் பரவியபோது, பீனிக்ஸ் பகுதியில் 30க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் அண்டைக் குடியிருப்புகளிலிருந்து வந்த ஆப்பிரிக்கர். தெருக்களில் தடைகளை எழுப்பி, யார் வரலாம் யார் வரலாகாது என நிறத்தைக் கண்டு தீர்ப்பளித்தோர் இருந்தனர். கொலை செய்தவரின் குற்றத்தை நகரமைப்பின்மீது சுமத்துதல் முறையன்று. ஆனால் அருகருகே வைக்கப்பட்டும் ஒருவரையொருவர் அறியாதபடி வைக்கப்பட்ட இரு மக்கள், முப்பது ஆண்டுகள் கழித்தும் ஒருவரையொருவர் அச்சத்தோடு நோக்கினர் என்பது வரலாறு விட்டுச்சென்ற எச்சமே. அடுத்த ஆண்டு ஏப்ரலில் பெருவெள்ளம் வந்தபோது அம்மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆற்றங்கரையிலும் மண்சரியும் மேடுகளிலும் வேறிடமின்றிக் குடிசை அமைத்தோரே பெருந்துன்பமுற்றனர்.

அரசு இதனை உணராமலில்லை. 2013இல் இயற்றப்பட்டு 2015 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த நிலப்பயன்பாட்டுச் சட்டம், நகரமைப்பின் முதல் நெறியாக 'இடஞ்சார் நீதி'யைக் குறிப்பிடுகிறது. கடந்த காலத்தின் பிரிவினையைத் திருத்துவது திட்டமிடுவோரின் கடமை என அது கூறுகிறது. 1951இல் திட்டமிடுவோரிடம் பிரிக்குமாறு கேட்கப்பட்டது. இன்று சேர்க்குமாறு கேட்கப்படுகிறது. பிரிக்க வந்தவரிடம் வெளியேற்றும் அதிகாரம் இருந்தது. சேர்க்க வந்தவரிடம் அவ்வதிகாரம் இல்லை, இருத்தலும் ஆகாது. அவர் பேச வேண்டும். நிலம் வாங்க வேண்டும். அருகே வறியோர் வருவதை விரும்பாத செல்வரின் மறுப்பைத் தாங்க வேண்டும். ஆகவே அவர் பணி மெதுவானது.

மெதுவானது என்பதால் அது கைவிடத்தக்கதன்று. எந்நாட்டிலும் ஒதுக்கப்பட்டோருக்கு வீடு கட்டித் தருவதாக ஓர் அரசோ சபையோ கூறும்போது, எத்தனை வீடுகள் என்று கேட்பது இயல்பு. அவை எங்கே அமையும், அங்கிருந்து வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் எத்துணைத் தொலைவு, அந்நிலத்தை முன்னர் இழந்தவர் யார், இன்று அதற்காகக் காத்திருப்பவர் யார் என்னும் வினாக்களையும் உடன் கேட்க வேண்டும் என்பதே கேட்டோ மேனரின் வரலாறு நமக்குக் கற்பிப்பது.